உப்பு மணல் வீடு

மகளுக்குச் சீதன வீடு தேடும் தகப்பன்மாரின் அலைச்சல் யாழ்ப்பாணத்தில் புதியதன்று. ஆயினும், சென்ற மார்கழியில் நண்பரொருவருடன் வீடு பார்க்கப் போய் வந்த கதையை இவ்வாரம் வாசக அன்பர்களுக்குக் கூறலாமென எண்ணுகின்றேன்.

நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடையாகக் கிடைத்த தொகை, மனைவியின் நகைகள், கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய பணம் ஆகிய மூன்றையும் ஒன்றாகத் திரட்டி வைத்திருந்தார். தையிற் கலியாணம். மாப்பிள்ளை வீட்டாரோ, "பெரிதாக ஒன்றும் வேண்டாம், நல்ல கல்வீடாக இருந்தாற் போதும்" என்று பெருந்தன்மையோடு கூறிவிட்டனர்!

பார்த்த வீடு வடமராட்சிக் கரையோரத்தில், நான்கு பரப்பு வளவினுள், கொங்கிறீற்றுத் தளத்தோடு 2011 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. விற்பவர் நண்பருக்குத் தூரத்து உறவினர். நொத்தாரிசு உறுதியை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டார். நொத்தாரிசுமார் உறுதியைப் பார்ப்பார்களேயன்றி முகட்டைப் பார்ப்பதில்லை. மறுநாள் அச்சாரம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னர், எங்கள் ஊரிலே ஐம்பது வருடமாகக் கரண்டி பிடித்த மேசன் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போவோமென்று பிடிவாதமாக நின்றவன் நான்.

பெரியவர் முன்விறாந்தையையும் மண்டபத்தையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவை புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்றிருந்தன. நேரே கிணற்றடிக்குச் சென்று ஒரு வாளி நீர் அள்ளினார். ஒரு மிடறு வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். பின்னர் குளியலறைக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். அங்கே வெள்ளை அடிக்க மறந்துவிட்டார்கள். முகட்டிலே, கோல் வைத்துக் கீறியதுபோல் மண்ணிறக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக ஓடின. அவர் தடியொன்றினால் அங்குமிங்கும் தட்டினார். ஓரிடத்தில் "டங்" என்றது. மற்றோரிடத்தில் வெறும் பானையைத் தட்டினாற்போல் ஒலித்தது. அவ்விடத்திலிருந்து உள்ளங்கையளவு துண்டொன்று கீழே விழுந்தது. அதன் உட்புறத்தில் துருவும் சிறு சிப்பித் துணுக்குகளும் ஒட்டியிருந்தன.

"மாஸ்ரர், இது கடற்கரை மணல். கழுவாமலே போட்டிருக்கிறார்கள். தண்ணீரும் இந்தக் கிணற்றுச் சவர்த் தண்ணீர்தான். கோடு ஓடுகிற இடமெல்லாம் கம்பி ஓடுகிற இடம்" என்றார் பெரியவர்.

நண்பர் அத்துண்டைப் பொறுக்கிக் கொப்பித் தாளொன்றில் மடித்துச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

மாணவ நேயர்களுக்காக இதன் காரணத்தைச் சற்று விளக்கவேண்டும். சீமெந்துக் கலவை இயல்பாகவே காரத்தன்மை மிக்கது. அக்காரம் உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலமொன்றை உண்டாக்குகின்றது. அது உள்ளவரையிற் கம்பிக்குக் கேடில்லை. கடல் உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்துவிடும். அதன்மேல் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருவேறத் தொடங்கும். துருவானது, தான் தின்ற இரும்பு இருந்த இடத்தைப்போல் இரு மடங்குக்கு மேலும் இடம் கேட்கும். கொங்கிறீற்று அமுக்கத்தை எவ்வளவும் தாங்குமாயினும் இழுவையைத் தாங்கமாட்டாது. ஆகவே உள்ளிருந்து தள்ளப்படும்போது பிளந்து உதிர்கின்றது. கம்பியிட்ட கொங்கிறீற்றிலே குளோரைட்டின் அளவு சீமெந்து நிறையில் நூற்றுக்கு 0.4 பங்கைத் தாண்டலாகாதென ஐரோப்பிய நியமம் வரையறுத்துள்ளது. நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை என்பதைக் கவனிக்க! கடல் மணலை நன்னீரால் நன்கு கழுவினாற் பயன்படுத்தலாம். ஆனால் அவசரத்திலே கழுவுபவர் யார்?

அவசரத்திற்கும் காரணமிருந்தது. 1950 இல் ஆரம்பித்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தினால் மூடப்பட்டது. அதன்பின் சீமெந்து குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. 2009 இல் யுத்தம் ஓய்ந்து பாதையும் திறந்தபோது, இடிந்த வீடுகளின் சொந்தக்காரர் யாவரும் ஒரே காலத்திற் கட்ட முற்பட்டனர். நல்ல மணலுக்கு விலை ஏறியது. கையெட்டும் தூரத்திற் கடற்கரை கிடந்தது. விற்பவரை நான் குறை கூறேன்; மணல் ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரனிடம் அவர் உப்பைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார்.

எங்கள் பாட்டன்மார் சுண்ணாம்பினாற் கட்டிய வீடுகளிலும் உப்புப் பூப்பதுண்டு. பூச்சு உதிரும், மறுபடி பூசுவார்கள். உள்ளே கம்பியில்லை, ஆதலால் வெடிக்க ஒன்றுமில்லை.

"உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசினால் என்ன?" என்று நண்பர் ஈனக் குரலிற் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் உப்பு அத்தளம் முழுவதிலும் கலந்திருக்கின்றது. ஓரிடத்திற் புதுக் கலவை இட்டால், அதன் ஓரத்திலுள்ள பழைய பகுதியிற் கம்பி முன்னிலும் விரைவாகத் துருப்பிடிக்கும். இரண்டு மூன்று மாரி சென்றால் பக்கத்தில் வெடிக்கும்.

குசினியின் மேலிருந்த அஸ்பெஸ்ரஸ் தகடுகளைப் பற்றியும் அவர் கேட்டார். அறுக்காமலும் துளைக்காமலும் உடைக்காமலும் இருக்கும்வரை அதன் நார் பெரிதும் வெளிப்படாது. வெளிப்பட்டுச் சுவாசத்திற் புகுந்தாற் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்றேன். இலங்கை 2018 முதல் அதனைத் தடுக்க எண்ணியிருந்ததும், 2017 மார்கழியில் ரஷ்யா ஒரு வண்டைக் காரணங்காட்டி நம் தேயிலையை நிறுத்தியதும், தடை ஒத்திவைக்கப்பட்டதும் தனிக் கதை. அன்று அதற்கெல்லாம் நேரமிருக்கவில்லை.

ஐயம் தீரவேண்டுமானால் தளத்திற் சிறிது துளைத்தெடுத்து, கொழும்பிலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஓரிடத்திற் சோதிப்பிக்கலாம் என்று விற்பவரிடம் கூறினோம். அவர் முகம் சிவந்தது. "சொந்தத்துக்குள்ளே சோதனையா? வெடிப்பில்லாத வீடு எங்கே இருக்கிறது, மாஸ்ரர்?" என்றார். நண்பர் வளவின் விலையை மட்டும் தருவதாகச் சொன்னார். அத்துடன் பேச்சு முறிந்தது, உறவும் முறிந்தது.

பின்னர் ஊருக்குள்ளே ஒரு பழைய ஓட்டு வீடு அகப்பட்டது. சிலாகைகள் உளுத்து, மழைக்கு ஒழுகும் வீடு. சம்பந்தி அம்மாள் முகத்தைச் சற்றுக் கோணினார். எனினும் தையிற் கலியாணம் நடந்தேறிவிட்டது. மேசன் பெரியவர் சிலாகைகளை மாற்றிக்கொண்டிருக்கின்றார்.

சென்ற வெள்ளிக்கிழமை நண்பர் என் வீட்டிற்கு வந்தார். அந்த வீட்டிற்கு வேறொருவர் அச்சாரம் கொடுக்கப் போகின்றாராம். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர், கைக்குழந்தைக்காரர், வங்கியிற் கடன் எடுக்கின்றார். குளியலறைக்கும் இப்போது வெள்ளையடித்தாயிற்று. "நான் போய்ச் சொன்னால், பொறாமையிற் சொல்கிறேன் என்று சொந்தக்காரரெல்லாம் பேசுவார்கள். சொல்லாவிட்டால் நித்திரை வருகுதில்லை. என்ன செய்ய?" என்று கேட்டார்.

போகச் சொன்னேன். சைக்கிளை எடுத்தவர் படலையடியில் நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொப்பித் தாளில் மடித்த அத்துண்டு அதனுள்ளேதான் இருந்தது.