கள்ளிக்கும் ஒரு சன்னல் வேண்டும்

“கள்ளிச்செடிதானே, எங்கே வைத்தாலும் கிடக்கும்” என்று சொல்லாத வீடு உண்டா? பிறந்தநாள் பரிசாகவும் ஆசிரியர் தினப் பரிசாகவும் உள்ளங்கையளவுத் தொட்டிகளில் கள்ளி இன்று வீடுதோறும் வந்து சேர்கிறது. ஆறு மாதம் சென்று பார்த்தால் பல இடங்களில் செடி இருப்பதில்லை. தொட்டி மட்டும் பேனா வைக்கப் பயன்படுகிறது. பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வெயில் எட்டிப் பார்க்கும் சன்னல் இல்லாத அறைக்குக் கள்ளியை வாங்கவே கூடாது. அந்த அறைக்கு மணிப்பிளாண்ட் போதும்.

கள்ளி என்ற சொல்லே நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது. கிள்ளினால் பால் வடியும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பத்தவை. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். நாம் தொட்டியில் வளர்ப்பதோ காக்டஸ் என்னும் குடும்பம். முட்கள் கொத்தாக எழும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு மேடு இருந்தால் அது காக்டஸ்தான். இக்குடும்பத்தின் தாயகம், ஏறக்குறைய முழுவதும், அமெரிக்கக் கண்டங்களே. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து வந்து குடியேறியதுதான்!

மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. கள்ளியோ பகல் வெப்பத்தில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெயில் வந்தபின் உணவாக்குகிறது. ஆகவே நீர்ச்செலவு மிகக் குறைவு. வெளிச்சம் மட்டும் நிறைய வேண்டும். டியூப்லைட்டின் கீழே, புத்தக அலமாரியின் மேலே வைத்தால் அது பட்டினிதான் கிடக்கும். உடனே சாகாது, அதுவே அதன் துரதிர்ஷ்டம் என்போம். உருண்டையாக இருந்தது மெல்ல வெளிறி, நுனி ஒடுங்கி, விரல்போல நீளும். “அடடா, எவ்வளவு வளர்ந்துவிட்டது!” என்று வீட்டார் மகிழ்வர். அது வளர்ச்சியன்று, வெளிச்சத்தைத் தேடும் தவிப்பு. அப்படி மெலிந்த பகுதி மீண்டும் பருப்பதும் இல்லை.

கிழக்குச் சன்னல் இருந்தால் நன்று. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது படட்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் ஒரு பக்கமாகச் சாயாது. நிழலிலேயே இருந்த செடியை ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். இரண்டு வாரம் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பாலைவனச் செடி என்பதால் தினம் ஒரு கரண்டி ஊற்றுவோர் பலர். பாலைவனத்தில் யார் கரண்டியால் ஊற்றுகிறார்கள்? அங்கே மழை வந்தால் கொட்டும். பின்பு பல நாள் வராது. அரிசோனாவின் சகுவாரோ என்னும் மரம்போன்ற கள்ளி நல்ல மழையில் பல நூறு லிட்டரை உறிஞ்சி உடம்பில் வைத்துக்கொள்ளும். நாமும் அடித்துளையில் வடியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, மண் அடிவரை காய்ந்தபின்பே மறுபடி ஊற்ற வேண்டும். ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும். கோடையில் பத்து நாளுக்கொருமுறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறைகூட வேண்டாதிருக்கலாம். வீட்டில் நால்வர் ஆளுக்கொரு நாள் அன்போடு ஊற்றினால் வேருக்கு மூச்சுக்காற்று கிடைக்காமல் அழுகிப்போகும். ஆகையால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஒரே ஒருவருக்கு இருக்கட்டும். அம்மாவும் பாட்டியும் எங்களை மன்னிப்பார்களாக.

நர்சரியிலிருந்து வரும் தொட்டியில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள்தான் இருக்கும். அது ஈரத்தை விடாது. செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்து எடுத்து, துளையுள்ள மண்தொட்டியில், கரடு மணலும் செங்கல் பொடிக்கல்லும் பாதிக்கு மேலாகவும் தோட்டமண் மீதியாகவும் கலந்து நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வைக்க வேண்டும். தலையில் பசையால் காகிதப் பூ ஒட்டி விற்கும் செடிகளை வாங்காதீர்கள் என்பது எங்கள் தனி வேண்டுகோள். வளரும் நுனியின் மேல் பசையைத் தடவுவது என்ன அழகோ!

“முள்செடி வீட்டுக்கு ஆகாது” என்னும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம். தவழும் குழந்தை எட்டும் இடத்தில் ஆகாது. அதில் எங்களுக்கும் உடன்பாடே. முயல்காதுபோல் இருக்கும் வகையின் பொடி முட்கள் தோலில் ஏறினால் நாளெல்லாம் அரிக்கும். மற்றபடி குற்றம் எதுவும் அச்செடியிடம் இல்லை.

குற்றம் மனிதரிடம் உண்டு. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் பிடுங்கிக் கடத்தப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளிகளை 2020-ல் இத்தாலியக் காவலர்கள் கைப்பற்றினர். அவற்றுள் எண்ணூறுக்கு மேற்பட்டவை 2021-ல் தாய்நாடு திரும்பின. கள்ளி இனங்களில் 100-க்கு 31 அழியும் நிலையில் உள்ளன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-ல் கணக்கிட்டது. நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் நர்சரியில் பெருக்கியவையே. ஆயினும், “செத்தால் இன்னொன்று, ஐம்பது ரூபாய்தானே” என்ற பேச்சு எங்கள் காதுக்கு இனிக்கவில்லை.

அடி மெத்தென்று அழுங்கினால் உடனே எறிந்துவிட வேண்டாம். சுத்தமான கத்தியால், பழுப்பு நிறம் சிறிதும் இல்லாத பச்சைச் சதை தெரியும்வரை மேலே மேலே நறுக்கி, தலைப்பகுதியை நிழலில் பத்து நாள் காயவிட்டு, உலர்ந்த மணல்மேல் நிறுத்தி வையுங்கள். சில வாரங்கள் கழித்து மெல்ல அசைத்துப் பார்த்து, அசையாமல் நின்றால் வேர் விட்டிருக்கிறது. முதல் தண்ணீரை அன்று ஊற்றலாம்.