‘சோம்பேறி’ என்று யாரைச் சொல்கிறோம்?

ஐந்து அரியர் வைத்திருந்த ஒரு மாணவனைப் பற்றித் துறையில் பேச்சு வந்தது. மூத்த பேராசிரியர் ஒருவர், “கோட்டாவில் சீட்டு கிடைத்துவிடுகிறது, படிக்க வேண்டுமே” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி இயற்பியல் படிக்கிறான். ஆய்வகத்தில் மின்சுற்றை எல்லோருக்கும் முன்னால் பொருத்திவிடுவான். ரெக்கார்டு நோட்டை எழுதி முடிக்க மாட்டான். தேதி கடந்த பிறகுதான் அசைன்மென்ட் நினைவுக்கு வரும். “படிக்கணும்னுதான் உட்கார்றேன் அக்கா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்றான். பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்த்து, ஏ.டி.எச்.டி. என்றார்கள்.

ஏ.டி.எச்.டி. அறிவைக் குறைப்பதில்லை. வேலையைத் தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது, கேட்டதை நினைவில் நிறுத்துவது ஆகியவற்றைக் கடினமாக்குகிறது. பள்ளியில் மணியும் ஆசிரியரும் அம்மாவும் சேர்ந்து இழுத்த வண்டி, கல்லூரியில் தனியாக ஓட வேண்டியிருக்கிறது. பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இதே மறதி ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளையிடம் இருந்தால் “மூளைக்காரன், கொஞ்சம் விளையாட்டுத்தனம்” என்பார்கள். தலித் மாணவனிடம் இருந்தால் அது ‘தகுதி’யின்மைக்குச் சான்றாகிவிடும். கண்டறிவதிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று மருத்துவர் கேட்பார். விடியும் முன் கூலி வேலைக்குப் போன பெற்றோரும், கடைசி பெஞ்சில் உட்காரவைத்து மறந்துபோன பள்ளியும் என்ன சொல்வார்கள்? ‘சேட்டைக்காரன்’ என்ற வசவுதான் அவன் பால்யத்தின் ஒரே மருத்துவக் குறிப்பு.

வாரம் இரண்டு மாலை நாங்கள் நூலகத்தில் உட்காருகிறோம். நான் பாடம் நடத்துவதில்லை. ‘ரெக்கார்டு முடி’ என்ற வேலையை ‘இன்று மூன்றாம் சோதனைக்கு அட்டவணை மட்டும் போடு’ என்று சிறிதாக்குகிறோம். அவன் எழுதும்போது பக்கத்தில் நான் என் ஆய்வேட்டை எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவர் வேலை செய்தாலே அவனுக்குத் தொடங்க முடிகிறது. பருவத்தின் எல்லாத் தேதிகளும் ஒரே தாளில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். வராத நாளில் திட்டுவதில்லை. எது தடுத்தது என்று கேட்டுத் திட்டத்தை மாற்றுகிறோம். மாத்திரை சிலருக்கு நன்றாக உதவும். ஆனால் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று மாத்திரை சொல்லித் தராது.

ஓர் எச்சரிக்கை. பின்தங்கும் எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. இல்லை. இரவு வேலை, அரைத் தூக்கம், அன்றாட அவமானம் ஆகியவையும் கவனத்தைத் தின்னும். சாதி செய்த காயத்துக்கு நோயின் பெயரைச் சூட்டி நிர்வாகம் தப்பிக்க விடக்கூடாது. இந்தத் துணை யாருக்கும் தீங்கு செய்யாது என்பதால், மருத்துவச் சான்றிதழ் கேட்காமலேயே தரலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் 2021 விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீத அளவுகோலை எட்டாத மாற்றுத்திறனாளிக்கும் நியாயமான வசதிகள் பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரிகள் இதைப் பிடித்துக்கொண்டு கூடுதல் நேரமும் தனி அறையும் தரலாம். யுஜிசியின் 2012 விதிமுறைகள் சொன்ன சம வாய்ப்பு மையங்கள் பெயர்ப் பலகையோடு நிற்காமல், இந்தத் துணையைத் தம் பணியாக ஏற்க வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு பணியிடம் வேண்டும். இட ஒதுக்கீட்டில் வந்த ஆய்வாளர்களின் இலவச உழைப்பில், அதிலும் பெண்களின் தலையில், இதைக் கட்டக்கூடாது.

இட ஒதுக்கீடு வாசலைத் திறந்தது. உள்ளே வந்தவர் பட்டத்தோடு வெளியே போவதும் சமூகநீதியின் கணக்கில்தான் வரும். தம்பி இரண்டு அரியரை எழுதித் தேறிவிட்டான். மூன்று பாக்கி இருக்கின்றன. அடுத்த முறை அந்தப் பேச்சு வந்தால், நான் வாயை மூடிக்கொண்டு உட்காரப் போவதில்லை.