பாட்டுக்காரர் குஸ்தி மேடை ஏறலாமா?

பாடுகிறவர் பாட வேண்டும். குஸ்தி போடுகிறவர் குஸ்தி போட வேண்டும். இப்படித்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் 1999-ம் ஆண்டில், அமெரிக்காவில் ஒரு பாட்டுக் கோஷ்டியே குஸ்தி மேடையில் ஏறியது!

கோஷ்டியின் பெயர் "மிஸ்பிட்ஸ்". நியூஜெர்சி மாநிலத்தில், லோடி என்ற ஊரில், 1977-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அவர்கள் பாடுவது "பங்க்" பாட்டு. வேகமான தாளம், காதை அடைக்கும் சத்தம். அவர்களுடைய சின்னம் மண்டை ஓடு! பேய்ப் படத்தில் வருகிறவர்களைப்போல முகத்தில் சாயம் பூசிக்கொள்வார்கள். முன்தலை முடியை நீளமாக வளர்த்து, முகத்துக்கு நடுவே தொங்கவிடுவார்கள்.

இரும்புக் கூண்டு

"வாம்பைரோ" என்ற குஸ்தி வீரரும் முகத்தில் சாயம் பூசுகிறவர்தான். அவர் கனடா நாட்டுக்காரர்; மெக்சிகோவில் பெயர் வாங்கியவர். அவருக்குத் துணையாக மிஸ்பிட்ஸ் கோஷ்டியார், "டபிள்யூ.சி.டபிள்யூ." என்ற குஸ்தி கம்பெனியின் மேடைக்கு வந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. கோஷ்டியைச் சேர்ந்த ஜெர்ரி ஒன்லி, இரும்புக் கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போட்டார். எதிரி யார் தெரியுமா? "டாக்டர் டெத்" என்று பட்டம் பெற்ற ஸ்டீவ் வில்லியம்ஸ். கல்லூரி நாளிலேயே ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக மல்யுத்தம் செய்தவர். ஜெர்ரியோ கிதார் வாசிக்கிறவர்!

வெட்கம் இல்லை

பெரிய கம்பெனிகளைக் கேலி செய்வது பங்க் பாட்டுக்காரர்களின் வழக்கம். அப்படிப்பட்டவர்கள் பெரிய கம்பெனியின் மேடையில் ஏறலாமா, அது வெட்கக்கேடு அல்லவா என்று சிலர் கேட்கலாம்.

நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆண்டுதான் "பேமஸ் மான்ஸ்டர்ஸ்" என்ற அவர்களுடைய இசைத்தட்டு வெளிவந்தது. சரக்கைச் செய்தவன் நாலு பேர் கூடும் இடத்துக்குக் கொண்டு போவதில் தவறு என்ன? வேஷம் போட்டுக் கூட்டத்தை மகிழ்விப்பது இரண்டு தொழிலுக்கும் பொதுதானே!

விழுவது பொய் அல்ல

என் கவலை வேறு. "அது பொய்ச் சண்டைதானே!" என்று பலர் சிரிக்கிறார்கள். யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி வைப்பது உண்மை. ஆனால் விழுவது பொய் அல்ல. மேடைத் துணிக்குக் கீழே மெல்லிய மெத்தை; அதற்குக் கீழே மரப்பலகை; அதற்கும் கீழே இரும்புச் சட்டம். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் படும்படி விழ வேண்டும். கொஞ்சம் தவறினால் கழுத்துக்கு ஆபத்து!

அதே 1999-ம் ஆண்டு மே மாதம், கான்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கும் வேடிக்கை காட்டினார். மாட்டியிருந்த கொக்கி விடுபட்டது. சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. பரம்பரைக் குஸ்திக் குடும்பத்தில் பிறந்தவருக்கே இந்தக் கதி!

ஆகவே கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வேறு தொழில் செய்கிறவரை மேடை ஏற்றுவதற்கு முன், விழுவதற்கு நன்றாகப் பழக்குங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: குஸ்தியைப் பார்க்கும் பிள்ளை, தம்பியைத் தூக்கிக் கட்டிலில் போடப் பார்ப்பான். "அது பொய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அவர்கள் விழப் பழகியவர்கள், நீ பழகாதவன்" என்று சொல்லுங்கள்.

வேஷம் மாற்றுவது குற்றம் அல்ல. பழகாமல் விழுவதுதான் குற்றம்!