பூனையா, நாயா?

ஸ்ரீரங்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சில நாட்களாகப் பெரும் விவாதம். பாட்டி பூனைக் கட்சி; பேரன் நாய்க் கட்சி.

"அரிசிப் பானையை உருட்டுகிற எலியை உன் நாயா பிடிக்கும்?" என்கிறாள் பாட்டி.

"திருடன் வந்தால் உன் பூனையா குரைக்கும், பாட்டி?" என்கிறான் பேரன்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. பூனை பெரும்பாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக் கொள்ளும். நாயைத் தினந்தோறும் காவிரிக் கரை வரையிலாவது நடத்திச் செல்ல ஆள் வேண்டும். நாய்தான் என்றால், சீமை ஜாதிக்கு அலைவானேன்? நமது ராஜபாளையம் நாய் 2005-ல் இந்தியத் தபால்தலையிலேயே இடம்பெற்றது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் நம் வெயிலுக்குப் பழகியவை. ஆனால் இவை ஓடித் திரிய இடம் கேட்கும். அது இல்லாத வீட்டுக்குத் தெருவில் பிறந்த குட்டியே போதும்.

எதுவானாலும் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். பூனை கடித்தாலும் அந்நோய் வரலாம். கடிபட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

சரணாகதியை விளக்க வைஷ்ணவப் பெரியோர் சொல்லும் மார்ஜார நியாயம் ஸ்ரீரங்கத்தாருக்குப் புதிதல்ல. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக் கொள்ளும். பூனைக் குட்டியோ சும்மா இருக்கும், தாய்தான் கவ்விச் செல்லும். நம் வீட்டை நம்பி வந்த பிராணி, நாயானாலும் அந்தப் பூனைக் குட்டிதான். ஊர் மாற்றலானதும் அதைக் கொள்ளிடக் கரையில் விட்டுவிட்டுப் போவது மகா பாவம்.

ஆகவே பாட்டியும் பேரனும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, கடைசி வரை அதற்குச் சோறு போடப் போவது யார் என்பதையே!