ஒன்பது பறையும் என் வீட்டில்

எங்கள் பறையாட்டக் குழுவுக்கு வயது நாலு மாதம். ஒன்பது பெண்கள். இரண்டு டீச்சர், ஒரு தையல்காரர், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அக்கா, மீதிப் பேர் மகளிர் குழுக்காரர்கள். தலைமை நான். திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவியில்லை. பயிற்சிக்கு மொட்டை மாடி என் வீட்டில்தான் இருந்தது.

இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. கைக்கு இரண்டு வேலை, காலுக்கு அடவு. இத்தனையையும் சமாளித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். முதல் மாதம் நான் செய்த தப்பே அதுதான். பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமலே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேரும் நின்று என்னை வேடிக்கை பார்க்கிறார்கள். எங்களுக்குப் பறை சொல்லித்தரும் ஆசான் திட்டவில்லை. "ஏம்மா, கடைசி ஆளு காலப் பாத்து அடி" என்றார். கடைசி ஆள் சமையலக்கா. மூட்டுவலிக்காரர். அன்றிலிருந்து அவர் கால்தான் எங்களுக்குத் தாளம்.

மூன்றாவது வாரம் ஒருத்தி பறையைச் சேலைத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "அத்தை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுங்குறாங்கக்கா. சாவுக்கு அடிக்கிறதாம்." சாவு ஒரு சாக்கு. அத்தை வாயில் வராத சொல் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் எத்தனையோ வருஷமாகப் பறையடிக்கிறார்கள். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தச் செய்தியை இந்த அத்தையும் டிவியில் பார்த்து, "பரவால்லையே" என்றாராம். டிவிக்குள் இருக்கும்வரை பரவாயில்லை போல.

நான் ஒன்றும் பேசவில்லை. வாங்கி என் வீட்டு அலமாரிமேல் வைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. இப்போது ஒன்பதும் இங்கேதான். இதைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் கூச்சமாக இருக்கிறது. அன்றே அந்த வீட்டுக்குப் போய் அத்தையிடம் பேசியிருக்க வேண்டியவள் நான்.

வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா, முதல் மேடை. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். தீயில் காட்டினால்தான் பறை பேசும். பந்தலுக்குப் பக்கத்தில் தீ மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெயில் இருந்தால் கவலையில்லை. மழை வந்தால், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு சட்டி கங்கு கேட்டு வைத்திருக்கிறேன்.