தங்கவயலின் மூச்சுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கோலார் தங்கவயலில் இருந்து நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல் என்று கணக்கு இருக்கிறது. எந்த ஷாப்ட் எத்தனை அடி ஆழம் போனது, ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம் கிடைத்தது என்பதற்கெல்லாம் ஏடுகள் உண்டு. ஆனால் அந்தப் பாறையை உடைத்தவர்களின் நெஞ்சில் எவ்வளவு தூசி தங்கியது, அது இன்று அவர்களை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு முழுக் கணக்கு நம்மிடம் இல்லை. அதை எடுப்பதற்கு நல்ல கருவி இன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. கணக்கில் வரவேண்டிய மனிதர்கள்தான் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி என்று பல பகுதிகளிலிருந்து நம் முன்னோர் பிழைப்பைத் தேடி இங்கே வந்தார்கள். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது 1894-ல். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902-ல். பேரனும் பாட்டன் இறங்கிய ஷாப்டிலேயே இறங்கினான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 1981-ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவருக்கு முன்னால் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நம்மோடு இருக்கிறார்கள் என்பதை அவரவர் தெருவில் எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

சுரங்கத்தை மூடினால் வேலை நின்றுவிடும், நோய் நிற்காது. தங்கம் இருக்கும் படிகக்கல் பாறையில் டிரில் போடும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதை விழுங்கி அழிக்கப் பார்க்கும் காவல் செல்கள் தாமே செத்துப்போகின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது. பிறகு தழும்பு விழுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இது வளரக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ள நெஞ்சில் காசநோய் எளிதில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா தூசி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் அறிவித்தது.

ஆராய்ச்சி என்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. 1940-களில் இங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி நடந்த முதல் பெரிய ஆய்வுகளில் அது ஒன்று. அப்போது இங்கே சிலிக்கோசிஸ் மருத்துவராக இருந்தவர் அந்தோணி கேப்லன். பிறகு அவர் தம் நாடு திரும்பி, வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில் மூட்டுவாதத்தோடு சேர்ந்து வரும் ஒருவகை நுரையீரல் நோயைப் பற்றி 1953-ல் எழுதினார். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதை 'கேப்லன் சிண்ட்ரோம்' என்று இன்றும் படிக்கிறார்கள். நெஞ்சுத் தூசியைப் படம் பார்த்துப் படிக்கும் பாடத்தில் நம் தங்கவயலுக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் அவர்கள் அறியமாட்டார்கள்.

1965-ல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டறிந்தன. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள் அது. மேலே இருந்த அத்தனை பாறையும் மற்றக் கதிர்களைத் தடுத்து வடிகட்டிக் கொடுத்ததால்தான் அதைக் காண முடிந்தது.

நான் சொல்லவந்த பெட் ஸ்கேனும் ஒருவகையில் காஸ்மிக் கதிரின் உறவுதான். அந்தக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த கார்ல் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர் 1932-ல் பாசிட்ரான் என்ற துகளைக் கண்டார். எலக்ட்ரானைப் போன்றே எடை. மின்னூட்டம் மட்டும் நேர் எதிர். பாசிட்ரானும் எலக்ட்ரானும் சந்தித்தால் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் புறப்படும். உடலைச் சுற்றி வளையமாக வைத்த கருவிகளில் இரண்டும் ஒரே நேரத்தில் பதிவானால், அவை புறப்பட்ட இடம் அந்த இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள கோட்டில்தான் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கோடுகள் இலட்சக்கணக்கில் சேரும்போது படம் கிடைக்கிறது.

உடலுக்குள் பாசிட்ரான் எப்படிப் போகிறது? சர்க்கரையின் மேல் ஏறித்தான். குளுக்கோஸில் ஒரு சிறு மாற்றம் செய்து, கதிர்வீசும் ஃப்ளூரின் அணுவைச் சேர்க்கிறார்கள். பசியுள்ள செல் அதைச் சர்க்கரை என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் முழுவதும் செரிக்க முடிவதில்லை. ரயில்காரன் பாஷையில் சொன்னால், வெளியே போக வழியில்லாத சைடிங்கில் ஒரு வேகன் நுழைந்து நின்றுவிட்ட மாதிரி. எங்கே அதிக வேகன்கள் நிற்கின்றனவோ அங்கே அதிக வேலை நடக்கிறது என்று அறியலாம். 1976-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தச் சர்க்கரையை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தார்கள். அதன்பின் மூளையின் எந்தப் பகுதி எப்போது உழைக்கிறது, மாரடைப்புக்குப் பின் இதயத்தின் எந்தத் தசை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றெல்லாம் உடலைத் திறக்காமலே பார்க்க முடிந்தது. இந்தியாவில் இதற்கான முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் 2002-ல் மும்பையில் வந்தது. இன்று பெங்களூரிலேயே இந்த வசதி இருக்கிறது.

எக்ஸ்ரே தண்டவாளத்தைக் காட்டும்; பெட் ஸ்கேன் எந்தத் தண்டவாளத்தில் வண்டி ஓடுகிறது என்பதைக் காட்டும். சிலிக்கோசிஸ் வந்தவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. எக்ஸ்ரேயில் தெரியும் தழும்பு என்றோ ஆறிப்போன பழைய புண்ணா, இன்னும் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பா என்பது ஒரு படத்தை மட்டும் பார்த்துத் தெரியாது. பெட் ஸ்கேனில் கனல் இருந்தால் ஒளிரும்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. புற்றுநோயும் ஒளிரும், காசநோயும் ஒளிரும், சிலிக்கா தூசியால் திரண்ட கட்டியும் ஒளிரும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருபத்தெட்டு வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். இருமலுக்காக வெளியூர் மருத்துவமனை ஒன்றில் காட்டினார்கள். ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டி ஒளிர்ந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். பதினைந்து நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் அது பழைய தூசித் தழும்பு என்று தெரிந்தது. முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று அதுவரை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இவருக்கு நடந்தது நல்லதாகவே முடிந்தது. தூசித் தழும்புதானே என்று விட்டு, அது புற்றுநோயாக இருந்திருந்தால்?

இந்த மூன்றையும் பிரித்தறியும் வழியைத்தான் ஆராய்ச்சி தேட வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட புதிய மருந்து ஒன்று சர்க்கரையை நம்பியிருப்பதில்லை. தழும்பை உண்டாக்கும் செல்களையே தேடிப் போய் ஒட்டுகிறது. தழும்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய இதுபோன்றவை உதவுமா என்று உலகில் சோதித்து வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் பகுதியில் காசநோயாளிகளுக்குப் பெட் ஸ்கேன் எடுத்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து குணமானவர்கள் என்று கருதப்பட்டவர்களிலும் பெரும்பாலோரின் நெஞ்சில் கனல் அணையாமல் இருந்ததாம். தூசியும் காசநோயும் சேர்ந்து கிடக்கும் நம் தங்கவயல் நெஞ்சுகளில் இதைப் பார்த்தால் எத்தனை செய்தி கிடைக்கும்!

இதற்கு மூன்று ஆட்சேபணைகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

சிலிக்கோசிஸுக்கு மருந்தே இல்லையே, படம் எடுத்து என்ன பயன் என்பது முதலாவது. தழும்பை அழிக்க மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் காசநோய்க்கு மருந்து உண்டு. புற்றுநோயை முன்கூட்டியே கண்டால் வழி உண்டு. தழும்பு பரவுவதை மெதுவாக்கும் புதிய மருந்து வந்தால், அது வேலை செய்கிறதா என்று அளக்கவும் அளவுகோல் வேண்டுமல்லவா?

செலவு அதிகம் என்பது இரண்டாவது. ஒரு ஸ்கேனுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆகவே எல்லோருக்கும் பெட் ஸ்கேன் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் வேண்டியது எக்ஸ்ரே, ஊதிப்பார்க்கும் மூச்சுப் பரிசோதனை, சளிப் பரிசோதனை. இவை முதலில் வரட்டும். அவற்றில் சந்தேகம் வருகிறவர்களை மட்டும் ஆராய்ச்சிச் செலவில் பெட் ஸ்கேனுக்கு அழைத்துப் போகட்டும். அந்த ஃப்ளூரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மாரிக்குப்பத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மருந்து இங்கே வரவேண்டாம். பிள்ளைகள் போகிற வண்டியிலேயே பெரியவர்களும் போய்வரலாம்.

கதிர்வீச்சு ஆபத்தல்லவா என்பது மூன்றாவது. சிடியோடு சேர்ந்த ஒரு பெட் ஸ்கேனில் உடலில் சேருவது, இயற்கையாகவே நாலைந்து ஆண்டுகளிலோ அதற்குச் சற்றுக் கூடுதலான காலத்திலோ நாம் பெறும் அளவுதான். வேடிக்கை பார்க்க எடுக்கக்கூடாது. காரணம் இருந்தால் அறுபது வயதுக்காரர் அஞ்சத் தேவையில்லை.

ஆராய்ச்சிக்கு நம் மக்களைக் கொடுக்கும்போது நாமும் நிபந்தனை சொல்ல வேண்டும். ஒப்புதல் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும், நடுவில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. முடிவை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். நோய் என்று கண்டால் சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும். சயனைடு மேட்டுத் தூசிக்கு அருகில் வாழ்ந்த பெண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரே ஆய்வில் கிடைத்த அறிவு உலகத்துக்குப் போனது. இம்முறை கிடைப்பது அந்தந்த வீட்டு வாசலுக்கும் வர வேண்டும்.

யாரிடம் கேட்பது? சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென்றே 1990-ல் தங்கவயலில் ஒரு தேசிய நிறுவனம் ஏற்பட்டது. பிறகு அதன் தலைமை நாகபுரிக்குப் போனது. 2019-ல் அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தோடு அதை இணைக்க மத்திய அரசு முடிவு செய்தது. ஆகவே பொறுப்பு இன்று அங்கே இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டமாக வழக்குப் போட்டு, 2018-ல் ஆறு கம்பெனிகளோடு 500 கோடி ராண்ட் அளவில் உடன்பாடு கண்டார்கள். அவர்கள் ஒன்றுபட்டுக் கேட்டார்கள், கிடைத்தது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தங்கவயலிலும் பெங்களூரிலும் மற்ற ஊர்களிலும் இருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம்: எந்தச் சுரங்கம், என்ன வேலை, எத்தனை வருஷம். சர்வீஸ் சான்றிதழையும் பழைய எக்ஸ்ரேக்களையும் பழைய காகிதம் என்று போட்டுவிடாமல் பத்திரப்படுத்தச் சொல்லலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "நான் இத்தனை வருஷம் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தேன்" என்று சொல்லப் பழக்கலாம். அணு மருத்துவத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருப்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். பட்டியல் கையில் இருந்தால்தான் அகமதாபாத்துக்கு எழுதும் மனுவுக்கு எடை இருக்கும்.

இந்த ஆண்டுக்குள் பட்டியலைத் தொடங்கினால் இன்னும் பலரிடம் நேரிலேயே கேட்டு எழுதலாம். பத்து ஆண்டு கழித்துத் தொடங்கினால் பெயர்களை அவர்கள் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.