எந்த ஆட்டக்காரரின் சரித்திரத்தைப் படிப்பது?

எளாவூரிலிருந்து ஒரு வாலிபத் தோழர் கடிதம் எழுதியிருக்கிறார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில், பாடு இல்லாத நாட்களில் பையன்கள் இருட்டும் வரை பந்து ஆடுகிறார்களாம். அவர்களே காசு சேர்த்துப் படிப்பகத்திற்கு நாலைந்து புத்தகங்கள் வாங்கப் போகிறார்கள். விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகள்தான் வேண்டுமாம். "ஏரியும் பிழைப்பும் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பந்தாட்டக் கதை எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். தோழர் நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்.

பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. இன்று கடைகளில் குவிந்து கிடக்கும் நட்சத்திர ஆட்டக்காரர்களின் புத்தகங்களில் பெரும்பாலானவை கூலிக்கு எழுதிய புகழ்மாலைகள். 2014ல் வெளிவந்த சச்சின் டெண்டுல்கரின் சுயசரிதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆட்டத்தில் எத்தனை ரன் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. 2000ல் கிரிக்கெட்டையே நாறவைத்த சூதாட்ட ஊழலைப் பற்றியோ ஏறக்குறைய மௌனம்! இதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஆனால் எல்லாம் இப்படி அல்ல. ஹாக்கி வீரர் தியான்சந்தின் "கோல்" என்ற சுயசரிதை 1952ல் வெளிவந்தது. எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? எளாவூரிலிருந்து ரயிலேறினால் போய்ச் சேருகிற நமது சென்னையிலிருந்துதான்! ஆனாலும் நம் படிப்பகங்களின் அலமாரியில் அதைக் காணோம். 1922ல் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தவர் தியான்சந்த். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் தங்கப் பதக்கம் பெற்ற அணியில் ஆடியவர். ஆயினும் தம்மைச் சாமானிய மனிதர் என்றுதான் வாசகருக்கு அறிமுகம் செய்துகொள்கிறார்.

பெர்லினில், 1936 ஆகஸ்ட் 15 அன்று, ஹிட்லரின் ஜெர்மனியோடு இறுதி ஆட்டம். அதற்குமுன் பயிற்சி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் தோற்றிருந்தார்கள். எல்லோருக்கும் உள்ளூர நடுக்கம். அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் ஆட வந்த அந்த அணி, உடை மாற்றும் அறையில் காங்கிரசின் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்தில் இறங்கியது. எட்டுக்கு ஒன்று என்று வென்றது. அடிமை நாட்டு ஆட்டக்காரர்கள் அந்த அறைக்குள் செய்த காரியம் எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமா? தியான்சந்த் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. பட்டாளத்தின் விசுவாசம் புத்தகம் நெடுகத் தெரிகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புத்தகம் சொல்ல முடியாத முடிவு ஒன்றுண்டு. 1979ல் தில்லி ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்து அவர் இறந்தார். 2021ல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அடுத்தது, பல்வங்கர் விட்டல் 1948ல் மராத்தியில் எழுதிய தன் விளையாட்டு வாழ்க்கைச் சரித்திரம். தோல் வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த சகோதரர்கள் இவர்கள். மூத்தவர் பாலு, பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தவர். துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசியே கலையைக் கற்றார். மட்டையைப் பிடிக்க மட்டும் விடவில்லை! இந்து அணியில் சேர்த்த பிறகும் அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில். 1911ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தினார். தலைமைப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. 1920ல் தம்பிகள் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்து அணியைவிட்டு வெளியேறினார்கள். 1923ல் விட்டலே இந்து அணியின் தலைவரானார். அணி கோப்பையை வென்றது. பாலு புத்தகம் எழுதவில்லை. தம்பி எழுதியதால் இவ்வளவாவது தெரிகிறது. மராத்தி தெரிந்த தோழர் யாராவது இதைத் தமிழில் தந்தால் பெரிய உபகாரம்.

டிரினிடாட் தீவைச் சேர்ந்த சி.எல்.ஆர். ஜேம்ஸின் "எல்லைக்கோட்டுக்கு அப்பால்" 1963ல் வந்தது. மேற்கிந்தியக் கிரிக்கெட்டும், நிறபேதமும், அவருடைய வாழ்க்கையும் கலந்த நூல். ஜேம்ஸ் டிராட்ஸ்கியவாதி, அந்த அரசியல் நமக்கு ஏற்புடையதல்ல. இருந்தும் சிபாரிசு செய்கிறேன். வாலிபத்தில், கறுப்பர்களின் கிளப்பான ஷானனை விட்டு, சற்று வெளுத்த நிறத்து மத்தியதர வர்க்கத்தாரின் மேப்பிள் கிளப்பில் சேர்ந்ததைப் பெரிய தவறு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த முடிவு தம் அரசியல் வளர்ச்சியைப் பல வருஷங்கள் பின்னுக்குத் தள்ளிற்று என்கிறார். இப்படிப்பட்ட சுயவிமர்சனத்தை அரசியல்வாதிகளின் சரித்திரங்களிலும் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்! நடை கொஞ்சம் கடினம். நிதானமாகப் படிக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளும் படிப்பகத்துக்கு வரவேண்டுமானால், மணிப்பூர்க் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமின் சுயசரிதையையும் (2013) வாங்குங்கள். பிறர் நிலத்தில் பாடுபட்டவர்களின் மகள் அவர்.

எளாவூர்த் தோழருக்கு ஒரு யோசனை. முதலில் "கோல்" தேடுங்கள். பழைய புத்தகக் கடைகளையும் விடாதீர்கள். கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் படித்து, சாயங்காலம் வலையைச் சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லட்டும். கேள்வி கேட்ட அந்தப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். பெர்லின் கட்டம் வரும்போது அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.